கிளிநொச்சியிலிருந்து வான் வண்டியில் நுவரெலியா, எல்ல போய் வர மூன்று நாள்: இறக்கத்தில் பிரேக் விட்டுப்போகுமா?

கவனமில்லாவிட்டால் போகும். வன்னியின் சமதரையில் இடைக்கிடைதான் பிரேக் பிடிக்கிறம், அது ஆறிவிடும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது ஆற நேரமே கிடைக்காது. பிரேக் எண்ணெய் நாள்பட ஈரத்தை உறிஞ்சும். புது டொட் 3 தர எண்ணெய் 205 பாகை செல்சியஸ் வரை தாங்கும்; ஈரமேறியது 140 பாகையிலேயே கொதிக்கலாம். ஆவிக்குமிழ் அமுங்க, பெடல் தரைமட்டும் போய்விடும். இரண்டு வருடம் கடந்த எண்ணெயை வெளிக்கிட முன்னமே மாற்றுங்கோ.

ஏறின கியரிலேயே இறங்குங்கோ. ஓட்டோ கியர் என்றால் 'எல்' அல்லது '2'. நியூட்ரலில் விடவே வேண்டாம். கருகல் மணம் வந்தால் ஓரங்கட்டி அரை மணித்தியாலம் ஆறவிடுங்கோ. தண்ணீர் ஊற்றினால் பிரேக் டிஸ்க்கில் வெடிப்பு விழலாம். எல்ல–வெல்லவாய இறக்கத்தைப் பகலிலேயே முடியுங்கோ.