ஓடுபவர்களுக்கு இரும்பு, உப்பு, மெக்னீசியம்

கே: மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறேன். சுலபமாக ஓடிய வேகத்திலேயே இப்போது மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் 12.4, குறையில்லை என்கிறார்கள். இரும்பு மாத்திரை போடலாமா?
- ஒரு வாசகி

ப: முதலில் ஃபெரிட்டின் (உடலில் சேமித்த இரும்பின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். சேமிப்பு இரும்பு கரைந்து முடிந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் உங்கள் சந்தேகம் சரி. மருத்துவர் யோசனையுடன் மாத்திரை தொடங்கலாம். காய்ச்சலின்போதோ, கடும் ஓட்டத்துக்கு மறுநாளோ ரத்தம் கொடுக்காதீர்கள். அப்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும்.

அட்டையில் இருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஃபெரஸ் சல்பேட் 325 மி.கி. மாத்திரையில் இரும்பு 65 மி.கி.தான். அது ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, சுமார் ஒரு நாளுக்குக் குடலின் கதவைச் சாத்திவிடுகிறது. அதற்குள் இன்னொன்று போட்டால் மலச்சிக்கலும் குமட்டலும்தான் கூடும். கடும் ஓட்டம் முடிந்த 3 முதல் 6 மணி நேரத்திலும் இதே ஹார்மோன் உச்சத்தில் இருக்கும். ஆகவே காலையில், ஓடும் முன்போ ஓடி முடித்த அரை மணிக்குள்ளோ போடுங்கள். டீ, காபி, கால்சியம் மூன்றையும் இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். மலம் கறுத்துப் போவது வழக்கம்தான். தார் போல ஒட்டினால் மருத்துவரிடம் போங்கள்.

8 வாரம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் அதிக மாதவிடாய்ப் போக்கா, குடலில் கசிவா என்று தேட வேண்டும். ஃபெரிட்டின் நன்றாக இருப்பவருக்கு இந்த மாத்திரையால் வேகம் கூடாது. மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழியும் கிடையாது.

கே: நீண்ட ஓட்டத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. மெக்னீசியமா, உப்பு மாத்திரையா?
- ஒரு வாசகர்

ப: பெரும்பாலும் இரண்டும் இல்லை, பழகாத வேகத்தில் களைத்த தசை அது. நின்று, பாதத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். மெக்னீசியம் குறைபாடு இல்லாதவருக்கு அந்த மாத்திரை உதவாது; 350 மி.கி. தாண்டினால் வயிற்றுப்போக்குதான்.

உப்பு விஷயத்தில் தராசைக் கேளுங்கள். ஒரு மணி நேர ஓட்டத்தில் எடை 62 கிலோவிலிருந்து 61.1 ஆகி, இடையில் 300 மி.லி. குடித்திருந்தால், வியர்வை 1.2 லிட்டர். இதைவிட அதிகமாகக் குடிக்கவே கூடாது. மிஞ்சிய தண்ணீர் ரத்தத்தில் உள்ள சோடியத்தை (உப்புச் சத்தை) நீர்க்கச் செய்துவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு சோடியம் குறைந்து, 135-ஐத் தாண்டவில்லை. ஓடும்போது எடை கூடியவர்களே அதில் அதிகம் மாட்டினார்கள். உப்பு மாத்திரை போட்டதால் மட்டும் அது தடுக்கப்படாது. ஓட்டத்தில் தலைவலி, வாந்தி, குழப்பம் வந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவிக் கூடாரத்துக்குப் போங்கள்.