இரண்டாம் நாளில் ஐஜிஎம் எதற்கு?

கேள்வி: காய்ச்சல் தொடங்கிய இரண்டாம் நாளே நானாக லேபுக்குப் போய் டெங்குவுக்கான ஐஜிஎம் ஆன்டிபாடி பரிசோதனை செய்துகொண்டேன். 'நெகட்டிவ்' என்று வந்தது. டாக்டரோ, டெங்கு இல்லை என்று இப்போதே சொல்ல முடியாது என்கிறார். மறுபடியும் ரத்தம் கொடுக்கச் சொல்கிறார். பரிசோதனையைவிட அவருடைய ஊகம் பெரிதா? பணம் பிடுங்கும் வேலைதானே இது?

பதில்: பணம் வீணானது உண்மைதான். ஆனால் அது டாக்டரைக் கேட்காமல் நீங்கள் செய்துகொண்ட முதல் பரிசோதனையில் போன பணம்.

ஆன்டிபாடி என்பது வைரஸைக் கண்டபின் உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள். தயாரிக்க நாள் பிடிக்கும். டெங்குவில், முதலில் உருவாகும் ஆன்டிபாடி வகையான ஐஜிஎம், பரிசோதனையில் தென்படும் அளவுக்கு ஏற, காய்ச்சல் தொடங்கி நாலைந்து நாளாவது ஆகும். இரண்டாம் நாளில் நெகட்டிவ் வந்ததில் ஆச்சரியமே இல்லை. பாசிட்டிவ் வந்திருந்தால்தான் யோசித்திருக்க வேண்டும். இரண்டாம் நாளில் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருப்பது வைரஸ். அதைத் தேடத்தான், வைரஸின் புரதத்தைப் பார்க்கும் என்.எஸ்.1 ஆன்டிஜென் பரிசோதனையும் அதன் மரபணுவைப் பார்க்கும் பி.சி.ஆரும் இருக்கின்றன. ஒரு வாரம் போனால் நிலைமை தலைகீழ்: வைரஸ் வடிந்திருக்கும், ஐஜிஎம் ஏறியிருக்கும். 'காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது?' என்று டாக்டர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது பேச்சு வளர்க்க அல்ல. அந்தத் தேதி தெரியாமல் படிக்கிற ஆன்டிபாடி ரிப்போர்ட்டுக்குப் பாதி மதிப்புதான்.

சரி, பாசிட்டிவ் வந்துவிட்டால் சந்தேகம் தீர்ந்ததா? அதுவும் இல்லை. ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் தங்கும், சிலருக்கு அதற்கு மேலும். எப்போதோ வந்துபோன டெங்குவின் மிச்சம், இன்றைக்கு வேறு காரணத்தால் வந்த காய்ச்சலுக்கு டெங்கு என்று பெயர் வைத்துவிடும். டெங்கு, ஜிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ்கள் ஒரே குடும்பம் என்பதால், ஒன்றுக்கு உருவான ஆன்டிபாடி இன்னொன்றின் பரிசோதனையிலும் பாசிட்டிவ் காட்டும். இரண்டாம் முறை டெங்கு வருபவர்களுக்கோ, வழக்கமாகப் பிந்தி வந்து நெடுநாள் தங்கும் ஆன்டிபாடி வகையான ஐஜிஜி சீக்கிரமே விறுவிறுவென்று ஏறும், ஐஜிஎம் சில சமயம் எட்டிக்கூடப் பார்க்காது. 'ஐஜிஎம் என்றால் புதுசு, ஐஜிஜி என்றால் பழசு' என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா வைரஸுக்கும் சேர்த்துப் பரிசோதிப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 100 பேரில் ஒருவருக்கே நோய் இருக்கிறது, நோய் இல்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்குப் பரிசோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டும் என்று வைத்துக்கொள்வோம். 1,000 பேரைச் சோதித்தால் உண்மையான நோயாளிகள் 10 பேர், வீணாகப் பயந்து நிற்பவர்கள் சுமார் 50 பேர்.

அதற்காக ஆன்டிபாடி பரிசோதனையே தண்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹெபடைடிஸ் ஏ வைரஸ் சுமார் நான்கு வாரம் அடங்கிக் கிடந்த பிறகே நோயைக் காட்டுகிறது. கண் மஞ்சளாகும்போது ஐஜிஎம் தயாராக இருக்கும். பெரும்பாலும் அந்த ஒரு பரிசோதனையே போதும். எச்.ஐ.வி.யில் ஆன்டிபாடி வரும்வரை உள்ள இடைவெளியைக் குறைக்கத்தான் இப்போதைய பரிசோதனைகள் அந்த வைரஸின் புரதமான பி24 ஆன்டிஜெனையும் சேர்த்துத் தேடுகின்றன. கோவிட் காலத்தில், விரைவு ஆன்டிபாடி கிட்டை வைத்து நோயாளிக்குச் சிகிச்சை முடிவு செய்ய வேண்டாம் என்று 2020 ஏப்ரலிலேயே உலக சுகாதார நிறுவனம் சொன்னது. மக்களில் எத்தனை பேருக்குத் தொற்று வந்துபோயிருக்கிறது என்று கணக்கெடுக்க அதே ஆன்டிபாடிதான் உதவியது.

உங்கள் டாக்டர் மறுபடி ரத்தம் கேட்பது என்.எஸ்.1-க்காக இருக்கலாம், தட்டணு எண்ணிக்கையும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹெமடோகிரிட்டும் பார்க்கவும் இருக்கலாம். டெங்கு நோயாளியை அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க அந்த இரண்டும் ஐஜிஎம்மைவிட அதிகம் உதவும். கொடுத்துவிடுங்கள். அப்புறம், டெங்குவில் ஆபத்துக் கட்டம் காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் வரும். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தக் கசிவு, இதில் எது தெரிந்தாலும் கையிலிருக்கும் 'நெகட்டிவ்' ரிப்போர்ட்டை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.