அடைச்ச நாடு குடுக்கணும் 1,000 யூரோ, அனுப்பிவெச்ச நாடு 24,900

கேள்வி: அனுமதி இல்லாம ஒரு நாட்டுக்குள்ள வந்தவர பிடிச்சு அடைச்சா, அவரு அந்த நாட்டு மேலயே சர்வதேச கோர்ட்ல கேஸ் போடலாமாமே? வந்ததே தப்பு, இதுல நஷ்டஈடு வேறயா?

பதில்: போடலாங்க, ஆனா எல்லா நாட்டு மேலயும் இல்ல. சர்வதேச கோர்ட்டுன்னாலே பலருக்கும் நெதர்லாந்துல ஹேக் நகரத்துல இருக்கற கோர்ட்டுதான் ஞாபகம் வரும், அங்க நாட்டு மேல நாடுதான் வழக்கு போடலாம், தனி ஆளுக்கு அங்க கதவே கெடையாது. நீங்க கேக்கறது பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்கற ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டு. அதுக்குக் கட்டுப்பட்ட 46 நாட்டு மேல யாரு வேணா போகலாம், உங்க பாஸ்போர்ட் எந்த நாட்டுதுன்னு பாக்க மாட்டாங்க.

ஒரு ஆப்கன்காரர் கேஸ சொல்றேன், தீர்ப்புல பேரு போடாம எம்.எஸ்.எஸ்.னு மட்டும் இருக்கும். காபூல்ல மொழிபெயர்ப்பாளரா இருந்தவரு, 2008ல தப்பிச்சு கிரீஸ் வழியா ஐரோப்பாவுக்குள்ள வந்தாரு, அங்க கைரேகை எடுத்துட்டாங்க, அப்பறம் பெல்ஜியம் போய் அடைக்கலம் கேட்டாரு. மொதல்ல காலடி வெச்ச நாடுதான் மனுவ விசாரிக்கணும்கறது அப்ப ஐரோப்பிய யூனியன்ல இருந்த டப்ளின் விதி, அதனால 2009 ஜூன்ல பெல்ஜியம் அவர கிரீஸுக்கே பிளேன் ஏத்திருச்சு. ஏதென்ஸ் ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல ஒரு கட்டடம், சின்ன எடத்துல 20 பேரு, டாய்லெட் போகணும்னாகூட காவலுக்கு நிக்கறவரு மனசு வெக்கணும், படுக்க அழுக்கு மெத்தை இல்லன்னா வெறுந்தரை. நாலு நாள்ல விட்டுட்டாங்க, விட்டா எங்க போறது, பார்க்லதான் படுத்தாரு.

ரெண்டு நாட்டு மேலயும் அவரு ஸ்ட்ராஸ்பர்க்ல போட்ட கேஸுக்கு 2011 ஜனவரி 21ல தீர்ப்பு வந்துச்சு. கிரீஸ் மாட்டுனதுல ஆச்சரியம் இல்ல. ஆனா பெல்ஜியமும் மாட்டுச்சு, கிரீஸ்ல நெலம இப்படித்தான்னு தெரிஞ்சிருக்கணும், தெரிஞ்சும் அனுப்பினது தப்புன்னுட்டாங்க. வழக்குச் செலவு தனி, அது போக நஷ்டஈடா கிரீஸ் அவருக்குக் குடுக்கணும்னு சொன்னது 1,000 யூரோ, பெல்ஜியம் 24,900 யூரோ!

"வந்ததே தப்பு"ங்கறீங்க, கோர்ட்டு அத ஒரு சாக்கா ஏத்துக்கல. அனுமதி இல்லாம வர்றவர அடைக்க நாட்டுக்கு அதிகாரம் உண்டுன்னு ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தோட 5வது பிரிவே சொல்லுது, ஆனா ஏன் அடைச்சீங்கன்னு அவருக்குப் புரியற பாஷைல சொல்லணும், அடைச்சது சரியான்னு ஒரு நீதிபதி பாக்கணும். சித்திரவதை, மனுஷத்தன்மை இல்லாத நடத்தை கூடாதுங்கற 3வது பிரிவுக்கு விதிவிலக்கே கெடையாது, வந்த வழி எதுவா இருந்தாலும் சரி.

நேரா அங்க போய் நிக்க முடியாது, மொதல்ல அந்தந்த நாட்டு கோர்ட்டெல்லாம் முடிச்சுட்டு, கடைசி உத்தரவு வந்து 4 மாசத்துக்குள்ள ஃபாரம் போஸ்ட்ல அனுப்பணும் (முன்ன 6 மாசம், 2022 பிப்ரவரில கொறச்சுட்டாங்க). ஃபீஸ் இல்ல. தமிழ்ல எழுத முடியாது.

நாடு கடத்தப் போறாங்கன்னா ஸ்ட்ராஸ்பர்க் கோர்ட்டோட 39வது விதில அவசரத் தடை கேக்கலாம். 2007ல பிரிட்டன்ல இருந்த ஒரு இலங்கைத் தமிழருக்கு அப்படித்தான் தடை கெடச்சுது, அடுத்த வருஷம் தீர்ப்பும் அவரு பக்கமே, உடம்புல இருக்கற தழும்பு, முன்னாடி கைதான பதிவு எல்லாத்தையும் சேத்துப் பாத்து அனுப்பக்கூடாதுன்னாங்க.

எனக்கு உறுத்தறது ஒண்ணுதான். எம்.எஸ்.எஸ். பெல்ஜியத்துல இருந்தப்பவே இதே தடைய கேட்டாரு, கிரீஸ் ஒழுங்கா பாத்துக்கும்னு நம்பி அன்னிக்கு குடுக்காம விட்டது இதே ஸ்ட்ராஸ்பர்க் கோர்ட்டுதான்.