ரீகால் லெட்டர் வந்துருச்சா? பயப்படாதீங்க, ஆனா தள்ளிப்போடாதீங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்விகள்ல முக்காவாசி சொகுசு எஸ்யூவி ரீகால் (கோளாறு இருக்கற வண்டிகள இலவசமா சரி பண்ண கம்பெனியே திரும்ப கூப்பிடறது) பத்தியும், சர்வீஸ் சென்டர்ல சொல்லி சொல்லி அலுத்துப்போன கம்ப்ளெயின்ட் பத்தியும்தான். அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: சார், ரொம்ப ஆசைப்பட்டு லோன் போட்டு வாங்கின சொகுசு எஸ்யூவி. ரெண்டு வருஷத்துக்குள்ள மூணு ரீகால் லெட்டர் வந்துருச்சு. வீட்ல எல்லாரும் வித்துத் தொலைங்கன்னு சொல்றாங்க. இவ்ளோ காசு குடுத்து ஏமாந்துட்டோமா?

ஏமாறலைங்க. எத்தனை லெட்டர் வந்துச்சுன்னு எண்றத விட்டுட்டு ஒவ்வொரு லெட்டர்லயும் என்ன போட்ருக்குன்னு படிங்க, எந்த பார்ட், அது ஃபெயில் ஆனா என்ன ஆகும், எப்படி சரி பண்ணுவாங்க, அது வரைக்கும் ஓட்டலாமா கூடாதா, இந்த நாலும் அதுல கண்டிப்பா இருக்கும். மூணுல ரெண்டு வெறும் சாஃப்ட்வேர் அப்டேட்டா கூட இருக்கலாம்.

காசு அதிகம்னா கோளாறு வராதுன்னு நாம நெனச்சுக்கறோம், ஆனா சொகுசு வண்டில எலக்ட்ரானிக்ஸ், மோட்டார், சென்சார் எல்லாமே அதிகம், கெட்டுப்போக வாய்ப்புள்ள பொருளும் அதிகம். அது போக முக்கால்வாசி பார்ட்ஸ் வெளியில இருந்து சப்ளையர் செஞ்சு குடுக்கறது. 2024 செப்டம்பர்ல பிஎம்டபிள்யூ உலகம் முழுக்க சுமார் 15 லட்சம் வண்டிக்கு பிரேக் பிரச்சனைன்னு அறிவிச்சாங்களே, அந்த பிரேக் சிஸ்டம் கான்டினென்டல் கம்பெனி சப்ளை பண்ணது, சின்ன கார்ல இருந்து பெரிய எஸ்யூவி வரைக்கும் எல்லாத்துலயும் அது இருந்துச்சு. 2016ல போர்ஷே கேயன், ஃபோக்ஸ்வாகன் டுவாரெக் ரெண்டையும் சேர்த்து சுமார் 8 லட்சம் வண்டிய திரும்ப கூப்பிட்டாங்க, காரணம் பெடல் பிராக்கெட்ல இருக்கற ஒரு சின்ன லாக் கிளிப் கழண்டு வர வாய்ப்பு இருந்துச்சு. போர்ஷேன்னு பேர் இருந்தாலும் உள்ள இருந்த பிராக்கெட் ஒண்ணுதான். சரி பண்ற வேலையும் அரை மணி நேரத்துக்குள்ள முடியறது. அதுக்காக யாராவது வண்டிய வித்திருந்தா அவங்களுக்குத்தான் நஷ்டம்.

விக்கணுமான்னு யோசிக்க வேண்டிய இடம் வேற. ஒரே பிரச்சனைக்கு திரும்ப திரும்ப ரீகால் வந்து, முதல்ல செஞ்ச ரிப்பேரே பத்தலைன்னு கம்பெனியே ஒத்துக்கிட்டா, அப்ப யோசிங்க.

கேள்வி: எங்ககிட்ட இருக்கறது பழைய ஜெர்மன் எஸ்யூவி, பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. பிரேக் மிதிக்கறப்ப உஸ்ஸுன்னு காத்து போற சத்தம் வருது, பெடலும் முன்ன மாதிரி இல்லாம நல்லா அழுத்த வேண்டியிருக்கு. வெளில ஒரு மெக்கானிக் பிரேக் பேட் தேஞ்சிருக்கும்னு மாத்திக் குடுத்தார், சத்தம் நிக்கல. அடுத்த சர்வீஸ் வரைக்கும் ஓட்டலாமா?

ஓட்டாதீங்க. இத படிச்சு முடிச்சதும் வண்டிய நிறுத்தி வச்சுட்டு, முடிஞ்சா டோ பண்ணியே கொண்டு போங்க.

பேட் தேஞ்சா கிரீச்சுன்னு உரசற சத்தம்தான் வரும், காத்து போற சத்தம் வராது. காத்து சத்தம்னா சந்தேகம் பிரேக் பூஸ்டர் மேல. நம்ம கால் அழுத்தத்த பல மடங்கு கூட்டிக் குடுக்கற அந்த பெரிய உருண்டை டப்பா வேக்குவத்துல, அதாவது காத்த உறிஞ்சி எடுத்த வெற்றிடத்துல வேலை செய்யுது, அது எங்கயாவது ஓட்டையானா வெளிக்காத்து உள்ள புகும், அந்த உஸ்ஸு சத்தம் அதுதான். வேக்குவம் கொறைய கொறைய பெடல் கெட்டியாகும், நீங்க சொன்ன ரெண்டு அறிகுறியும் அப்படியே பொருந்துது.

இத நான் சும்மா பயமுறுத்த சொல்லல. 2022ல மெர்சிடிஸ் இதே பிரச்சனைக்காக 2004ல இருந்து 2015 வரைக்கும் தயாரிச்ச எம்எல், ஜிஎல், ஆர் கிளாஸ் வண்டிகள சுமார் 10 லட்சம் திரும்ப கூப்பிட்டாங்க. பூஸ்டர் டப்பா மேல ஒரு ரப்பர் உறை போட்டிருப்பாங்க, வருஷக்கணக்கா அந்த உறைக்கு அடியில ஈரம் தேங்கி இரும்பு துருப்பிடிச்சு அரிச்சுருச்சு. மேல இருந்து பாத்தா ரப்பர் நல்லாத்தான் தெரியும், கழட்டி பாத்தாத்தான் துரு தெரியும், அதனாலதான் எத்தனையோ சர்வீஸ் தாண்டியும் யார் கண்ணுலயும் படல. துரு ரொம்ப முத்திப்போன வண்டில அவசரத்துக்கு பலமா பிரேக் அடிச்சா பெடலுக்கும் பிரேக்குக்கும் நடுவுல இருக்கற இணைப்பே அத்துப்போகலாம்னு கம்பெனியே சொன்னது. அமெரிக்காவுல ஓனர்களுக்கு வண்டிய ஓட்டவே ஓட்டாதீங்கன்னு சொல்லி, டோ பண்றதையும் இலவசமா தந்தாங்க.

வீட்லயே ஒரு சோதனை பண்ணலாம். இன்ஜின ஆஃப் பண்ணிட்டு பிரேக்க நாலஞ்சு தடவ அழுத்தி விடுங்க, பெடல் இறுகிடும். இப்ப கால எடுக்காம அப்படியே அழுத்திக்கிட்டு இன்ஜின ஸ்டார்ட் பண்ணுங்க, பூஸ்டர் வேலை செஞ்சா காலுக்கு அடியில பெடல் கொஞ்சம் கீழ இறங்கறது தெரியும். இறங்கலைன்னா பூஸ்டருக்கு உதவி கெடைக்கலைன்னு அர்த்தம். ஒரு விஷயம், இதுல பாஸ் ஆனாலும் துரு இல்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க, அந்த உறைய கழட்டி பாத்தே ஆகணும், அத உங்க கண்ணு முன்னாடி பண்ண சொல்லுங்க.

கேள்வி: என் ஃபிரெண்டும் நானும் ஒரே மாடல், ஒரே வருஷம். அவனுக்கு ரீகால் இருக்கு, எனக்கு இல்லைங்கறாங்க. மறைக்கறாங்களா?

மறைக்கலைங்க. ரீகால் மாடல் பேர வச்சு வராது, 17 எழுத்து சேஸிஸ் நம்பர வச்சுத்தான் வரும். ஒரு பேட்ச்ல வந்த பார்ட் எந்தெந்த வண்டில போச்சோ அதுக்கு மட்டும். ஆனா இன்னிக்கு இல்லைங்கறதால என்னிக்குமே இல்லைன்னு ஆகாது, லிஸ்ட்ட பின்னாடி விரிவாக்கறது அடிக்கடி நடக்கும். கம்பெனி வெப்சைட்ல அப்பப்ப நம்பர போட்டு பாத்துக்கங்க.

கேள்வி: வண்டிய காத்துப் பைல தாங்கற ஏர் சஸ்பென்ஷன் ராத்திரில ஒரு பக்கம் இறங்கிடுது, ரிவர்ஸ் எடுக்கறப்ப ஸ்கிரீன் சில சமயம் கருப்பாயிடுது, கதவுல கடகடன்னு சத்தம். எத்தனை தடவ சொன்னாலும் "செக் பண்ணோம், நார்மல்"னு அனுப்பிடறாங்க. இதுக்கெல்லாம் ரீகால் வராதா? எங்க கம்ப்ளெயின்ட் பண்ணா கேப்பாங்க?

நீங்க கேட்டதுல மூணு பிரச்சனையும் மூணு ரகம், ஒரே மூச்சுல சொன்னீங்கன்னா கதவு சத்தத்தோட சேர்த்து மத்த ரெண்டும் காணாமப் போயிடும். கதவு சத்தம் தரம் சம்பந்தப்பட்டது, வாரன்ட்டில கேளுங்க, அவ்ளோதான். சஸ்பென்ஷன் இறங்கறது எங்கயோ காத்து லீக் ஆகுதுன்னு அர்த்தம், நிறுத்தி வச்சப்ப இறங்கறது வரைக்கும் செலவு பிரச்சனைதான், ஆனா லீக்க ஈடுகட்ட, காத்து அடைக்கற கம்ப்ரஸர் ஓடி ஓடி சீக்கிரம் எரிஞ்சு போகும், அதனால தள்ளிப்போடாதீங்க. ரிவர்ஸ் கேமரா கருப்பாகறது மட்டும் பாதுகாப்பு விஷயம். அமெரிக்காவுல 2018 மே மாசத்துல இருந்து புது கார்ல பின்பக்க கேமரா கட்டாயம், அதனால அங்க கேமரா படம் வரலைன்னாலே ரீகால் வரைக்கும் போகும், அப்படி எத்தனையோ கம்பெனி ரீகால் பண்ணியிருக்கு.

இப்ப எப்படி சொல்றதுங்கறதுக்கு வரேன், இதுதான் எனக்கு முக்கியமா படுது. 2009ல கலிஃபோர்னியால ஒரு லெக்ஸஸ் கார்ல ஆக்ஸிலரேட்டர் மாட்டிக்கிட்டு விபத்துல நாலு பேர் செத்துப்போனாங்க. அது சர்வீஸுக்கு வண்டிய விட்டவங்களுக்கு டீலர் குடுத்த லோனர் கார். அதுல போட்டிருந்த ரப்பர் மேட் அந்த காரோடதே இல்ல, லெக்ஸஸ் எஸ்யூவியோட மேட், அது பெடல்ல சிக்கிக்குச்சு. கொடுமை என்னன்னா, அதே லோனர் கார அதுக்கு முன்னாடி எடுத்துட்டு போன இன்னொருத்தருக்கும் பெடல் மாட்டியிருக்கு, அவர் தப்பிச்சு வந்து ரிசப்ஷன்ல வாயால சொல்லியும் இருக்கார். அந்த சொல்லு அங்கயே நின்னுபோச்சு. அதுக்கப்புறம்தான் லெக்ஸஸோட தாய்க் கம்பெனியான டொயோட்டா மேட் விஷயத்துல 38 லட்சம் வண்டிக்கு அறிவிப்பு விட்டது.

அதனால வாயால சொல்லிட்டு வராதீங்க. ஜாப் கார்டுல, அதாவது வண்டிய விடறப்ப கோளாற எழுதிக்கற சீட்டுல, அட்வைசர் "ஸ்கிரீன் செக்"னு ரெண்டு வார்த்தைல எழுதுவார், அத ஒத்துக்காதீங்க, நீங்க சொல்ற மாதிரியே எழுத சொல்லுங்க: "ரிவர்ஸ் கியர் போட்டதும் ஸ்கிரீன் கருப்பானது, கேமரா படம் இத்தனை செகண்ட் வரவில்லை, இன்ன தேதி, இத்தனை கிலோமீட்டர்". மொபைல்ல வீடியோ எடுங்க, பின் சீட்ல இருக்கறவங்கள விட்டு எடுங்க, நீங்க ஓட்டிக்கிட்டே எடுக்காதீங்க. ஒண்ணும் கண்டுபிடிக்கலைன்னாலும் ஜாப் கார்டு காப்பிய வாங்காம வராதீங்க, "கோளாறு தென்படவில்லை"ங்கற காகிதம் மூணு சேர்ந்தா அதுவே ஆதாரம். அப்புறம் கம்பெனி தலைமை அலுவலகத்துக்கு ஒரு மெயில், உங்க நாட்டுல வாகனப் பாதுகாப்ப பாக்கற அரசு அமைப்புக்கு ஒரு புகார். ஒரு ஆள் புகார்ல என்ன ஆகும்னு நெனைக்காதீங்க, அதிகாரிங்க பாக்கறது ஒரே வரி பல பேர்கிட்ட இருந்து வருதாங்கறதத்தான், நீங்க எழுதலைன்னா அந்த வரிசைல ஒண்ணு கொறையும்.

வெளில இருந்து வர்ற சத்தத்துக்கு கம்பெனி எவ்ளோ வேகமா அசையும்ங்கறதுக்கு லெக்ஸஸ் ஜிஎக்ஸ் 460 ஒரு உதாரணம். 2010 ஏப்ரல்ல கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை சோதனை ஓட்டத்துல, வளைவுல ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா வண்டியோட பின்பக்கம் அளவுக்கு மீறி வழுக்கிட்டு போகுதுன்னு கண்டுபிடிச்சு, வாங்காதீங்கன்னு எழுதினாங்க. டொயோட்டா உடனே விற்பனைய நிறுத்தி, அந்த மாசமே ரீகால் அறிவிச்சு, வண்டி வழுக்காம பாத்துக்கற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் சாஃப்ட்வேர மாத்தினாங்க.

கேள்வி: என்னோடது பிளக்-இன் ஹைப்ரிட் (இன்ஜினும் உண்டு, பிளக்ல சார்ஜ் போடற பேட்டரியும் உண்டு) எஸ்யூவி. சார்ஜ் போடாதீங்க, பார்ட் வந்ததும் கூப்பிடறோம்னு லெட்டர். பாதி வரைக்கும் சார்ஜ் போட்டா பரவாயில்லையா?

லெட்டர்ல சார்ஜே கூடாதுன்னா பாதியும் கூடாது. 2020ல பிஎம்டபிள்யூ எக்ஸ்5 ஹைப்ரிட் உட்பட சில மாடலுக்கு இதே மாதிரி சொன்னாங்க, பேட்டரி செல் தயாரிக்கறப்ப உண்டான வெல்டிங் துணுக்கு சரியா சுத்தம் பண்ணாம உள்ள தங்கிடுச்சு, சார்ஜ் ஏறுனா உள்ளயே ஷார்ட் ஆகி தீப்பிடிக்க வாய்ப்பு. ஜாகுவார் ஐ-பேஸ் எலக்ட்ரிக் எஸ்யூவிக்கு 80 சதவீதத்துக்கு மேல ஏத்தாதீங்க, வீட்ட விட்டு தள்ளி வெளில நிறுத்துங்கன்னு சொன்னாங்க. ஒவ்வொரு ரீகாலுக்கும் எல்லை வேற, அடுத்தவங்க வண்டிக்கு சொன்னத உங்க வண்டிக்கு எடுத்துக்காதீங்க. கராஜுக்கு மேல பெட்ரூம் இருந்தா இன்னிக்கு ராத்திரியே வண்டிய வெளில எடுத்துடுங்க.

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல 2003 மாடல் எஸ்யூவி ஒண்ணு நல்ல கண்டிஷன்ல வருது. ஓனர் ஏர்பேக் ரீகால் எதுவும் பண்ணலைங்கறார். வாங்கிட்டு பண்ணிக்கலாமா?

பண்ணி முடிச்சு, பேப்பர காட்டினாத்தான் காசு. அந்த வயசு வண்டின்னா டகாட்டாங்கற ஜப்பான் கம்பெனி செஞ்ச ஏர்பேக்கா இருக்கலாம். அதுல பைய விரிக்க வாயு உண்டாக்கற அமோனியம் நைட்ரேட், வருஷக்கணக்கா சூட்டுலயும் ஈரத்துலயும் கெடந்து கெட்டுப்போய், சின்ன விபத்துல ஏர்பேக் விரியறப்ப உலோக டப்பாவையே வெடிக்க வச்சு துண்டு துண்டா ஓட்டறவங்க மேல அடிச்சுது. அமெரிக்காவுல மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் ஏர்பேக் ரீகால்ல வந்துச்சு, டகாட்டா கம்பெனி 2017ல திவாலாச்சு. பழைய பிஎம்டபிள்யூ எக்ஸ்5க்கெல்லாம் 2023ல "ஓட்டவே ஓட்டாதீங்க"ன்னு எச்சரிக்கை வந்துச்சு. வண்டி பழசாக பழசாக இந்த ஆபத்து கூடும், அதனால இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையேங்கற பேச்ச காதுலயே வாங்காதீங்க.

ஓனர் கை மாறுனதால லெட்டர் பழைய அட்ரஸுக்கே போயிட்டு இருக்கும், அதனால வாங்கின அன்னிக்கே உங்க பேரையும் அட்ரஸையும் கம்பெனில பதிவு பண்ணிடுங்க.

கேள்வி: ரீகால் வரதுக்கு முன்னாடியே அதே பார்ட்ட என் கைக்காசு போட்டு மாத்திட்டேன். இப்ப இலவசம்னு லெட்டர் வருது. போனது போனதுதானா?

பில் வச்சிருக்கீங்களா? அப்ப கேளுங்க. ரீகாலுக்கு முன்னாடி செலவு பண்ணவங்களுக்கு திருப்பித் தர்றதுக்குன்னு பல நாட்டுல ஏற்பாடு உண்டு, அமெரிக்காவுல கம்பெனி அதுக்கு திட்டமே வைக்கணும்னு விதி இருக்கு. பில், பார்ட் நம்பர், ஜாப் கார்டு மூணையும் இணைச்சு எழுதுங்க. கூடவே வண்டிய ஒரு தடவ காட்டிடுங்க, நீங்க மாத்தினது பழைய டிசைன் பார்ட்டாவே இருந்தா அதையும் கழட்டிட்டு புதுசு போட்டே ஆகணும்.