இரண்டு கோடு ஜெர்ஸி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய நெதர்லாந்து கால்பந்து ஜெர்ஸிகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கும் அந்தப் பித்து பிடித்துவிட்டது. '1974 உலகக் கோப்பையில் நெதர்லாந்து கேப்டன் க்ரைஃப் போட்டது இதே மாதிரிதான்' என்று ஒரு வியாபாரி ஆரஞ்சு ஜெர்ஸி ஒன்றைக் காட்டுகிறார். முதுகில் 14, கையில் மூன்று கறுப்புக் கோடுகள். அதனால் விலையும் அதிகம். வாங்கலாமா? 1988 ஜெர்ஸியை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள் என்பதும் புரியவில்லை. கண் கூசுகிறதே!

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த விலைக்கு வாங்காதீர்கள். 1974இல் க்ரைஃப் போட்டு ஆடியது இரண்டு கோடு ஜெர்ஸி.

அணிக்கு உடை கொடுத்தது அடிடாஸ். க்ரைஃபோ பூமாவின் ஆள். தாஸ்லர் சகோதரர்கள் பிரிந்து ஒரே ஊரில் நடத்திய இரண்டு கம்பெனிகள் அவை, பகை தீராதது. எதிராளியின் மூன்று கோட்டைப் போட்டுக்கொண்டு ஆட க்ரைஃப் சம்மதிக்கவில்லை. கடைசியில் அவர் ஜெர்ஸியில் ஒரு கோட்டைக் குறைத்தார்கள். மியூனிக் இறுதியாட்டப் படத்தைப் பெரிதாக்கி மற்றவர்களின் கைகளையும் அவர் கையையும் பாருங்கள். வெறும் ஆரஞ்சு, நெஞ்சில் சிங்கம், கறுப்பு எண் என்று அந்த ஜெர்ஸியில் பெரிய வேலைப்பாடு எதுவும் கிடையாது. அந்த இல்லாத கோடுதான் எனக்கு அதன் பேரழகு. ஓர் ஆட்டக்காரன் தன் உடம்பில் யார் முத்திரை இருக்கலாம் என்று தானே முடிவு செய்த தடயம் அது.

14க்கும் இதே பிடிவாதம்தான். அந்த அணிக்குக் குடும்பப் பெயரின் அகரவரிசையில் எண் கொடுத்தார்கள். கோல்கீப்பர் யோங்பிளட்டுக்கு 8 வந்தது. வரிசைப்படி 1 க்ரைஃபுக்குப் போயிருக்க வேண்டும். அவர் 14ஐ விடவில்லை. முன்கள வீரர் கேல்ஸ் 1 போட்டார்.

1988 ஜெர்ஸி கூசத்தான் செய்யும். வெளிறியதும் அடர்ந்ததுமாக ஆரஞ்சுத் துண்டுகள் மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. ஹேங்கரில் தொங்கும்போது அதை எடைபோடாதீர்கள். பழைய ஆட்டப் பதிவில் அந்த அணியின் கேப்டன் குலிட் ஓடுவதைப் பாருங்கள்: தூரத்தில் அந்தத் துண்டுகள் கலந்து, துணியே அசைகிற மாதிரி இருக்கும். 1974இல் தோற்ற அதே மியூனிக் மைதானத்தில் சோவியத் யூனியனை 2-0 என்று வென்று ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பையைத் தூக்கியது இதைப் போட்டுக்கொண்டுதான். அதுவே நெதர்லாந்து ஆண்கள் அணியின் முதல் பெரிய கோப்பை. எளிமையான ஜெர்ஸிதான் நல்ல ஜெர்ஸி என்று வாதிடுகிறவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை.

1988 ஜெர்ஸி தேடினால் முதுகை முதலில் பாருங்கள். அந்த யூரோவில் முன்கள வீரர் வான் பாஸ்டன் போட்டது 12ஆம் எண். 9ஆம் எண் ஜான் போஸ்மனுடையது. முதுகில் பெயர் போடுவது யூரோவில் 1992இல்தான் தொடங்கியது. ஆகவே 'வான் பாஸ்டன் 9' என்று வருவதெல்லாம் பிற்பாடு ஒட்டியது. கழுத்துப் பட்டியையும் சலவைக் குறிப்பையும் படித்துப் பாருங்கள். இணைய முகவரி இருந்தால் அது மறுபதிப்பு. போட்டு மகிழத்தான் வேண்டுமென்றால் மறுபதிப்பே போதும், மறுபதிப்பின் விலைக்கு.