திக்குவாய்க்கு மூளையில் கரண்ட் வைக்கலாமா?

கேள்வி: வயது 26. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். சின்ன வயதிலிருந்தே திக்கும். போனில் என் பெயரைச் சொல்வதற்குள் வேர்த்துவிடும், ஆனால் ஆடிப் பண்டிகையில் மேளத்தோடு பாடினால் ஓர் எழுத்துகூடத் திக்காது. மூளைக்குக் கரண்ட் கொடுத்துப் பத்தே நாளில் சரிசெய்வதாக வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தது, 40,000 ரூபாய் கேட்கிறார்கள். போகலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம் தம்பி. பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

மூளையை வெளியிலிருந்து தூண்டுவது ஒன்றும் கட்டுக்கதை இல்லை. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் அவர் குழுவினரும் தலைமேல் காந்தச் சுருளைப் பிடித்துக் கைத் தசையைத் துடிக்க வைத்துக் காட்டினார்கள். திக்கலை ஆராய்பவர்களுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்றால், ஸ்கேன் மட்டும் போதவில்லை. திக்குபவர்கள் பேசும்போது மூளையின் வலது பக்கம் வழக்கத்தைவிட அதிகமாக வேலை செய்வது ஸ்கேனில் தெரிகிறது, சரி, ஆனால் திக்கலை உண்டாக்குவதே அந்தப் பக்கம்தானா, இல்லை தடுமாறும் இடது பக்கத்துக்குக் கைகொடுக்க வந்ததா? நம்ம ஐந்து ரோட்டில் வண்டிகள் தேங்கி நிற்பதை மேம்பாலத்திலிருந்து எவ்வளவு நேரம் பார்த்தாலும் எந்த ரோட்டால் தேங்கியது என்று பிடிபடாது. ஒரு ரோட்டைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தால் பிடிபடும். காந்தத் தூண்டல் அந்த வேலையைத்தான் செய்கிறது.

2015இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் ஆய்வாளர்கள், நாக்கை அசைக்கும் மூளைப் பகுதியைப் பேச்சுக்கு நடுவே தூண்டி, நாக்குத் தசை எவ்வளவு துடிக்கிறது என்று அளந்தார்கள். சரளமாகப் பேசுபவர்களுக்கு அடுத்த ஒலி வருவதற்குச் சற்று முன்பே இடது பக்கம் தயாராகிவிடுகிறது. திக்குபவர்களிடம் அந்தத் தயாராகும் வேகம் தென்படவில்லை. அதாவது இது பெரும்பாலும் நேரம் பிசகும் கோளாறு. மேளம் தாளத்தை வெளியிலிருந்து எடுத்துக் கொடுப்பதால் பாடும்போது தப்பிக்கிறீர்கள். பயமும் கூச்சமும் திக்கலைக் கூட்டும், ஆனால் உண்டாக்குவது அவை இல்லை. நாக்கிலும் குறை இல்லை, சின்ன வயதில் பாட்டி வசம்பு தேய்த்திருந்தால் பாவம், தப்பான இடத்தில் தேய்த்திருக்கிறார்.

சிகிச்சையாக? காந்தம் இல்லாமல், தலையில் வைத்த பட்டைகள் வழியாக மெல்லிய கரண்ட் கொடுக்கும் இன்னொரு முறையை 2018இல் ஆக்ஸ்போர்டில் திக்கும் ஆண்கள் 30 பேரை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு நிஜக் கரண்ட், மீதிப் பேருக்குச் சும்மா பாவனை. ஒரு மில்லி ஆம்பியர், தினமும் 20 நிமிடம், ஐந்து நாள், அதுவும் சேர்ந்து வாசிப்பது, தாளத்துக்குப் பேசுவது என்ற பயிற்சியோடு சேர்த்து. நிஜக் கரண்ட் வாங்கியவர்களுக்குத் திக்கல் குறைந்தது. நின்றுவிடவில்லை. அதை வைத்துக்கொண்டு பத்து நாளில் குணம் என்று ஒருவர் கடை போட்டால், நான் நம்ப மாட்டேன். காந்தத் தூண்டலில் அபூர்வமாக வலிப்பு வரும், வலிப்பு வந்தவர்களும் தலைக்குள் உலோகம் பொருத்தியவர்களும் கிட்டேயே போகக் கூடாது. ஆன்லைனில் கிடைக்கும் பேட்டரிக் கருவியை வாங்கி நீங்களே மாட்டிக்கொள்வதும் வேண்டாம், தோல் வெந்துபோகும்.

அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய், பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மாதக்கணக்கில் போக வேண்டியிருக்கும், அலுப்பாகவும் இருக்கும். அதுவரை போனை எடுத்ததும் பெயரோடு மல்லுக்கட்டாமல், "எனக்குக் கொஞ்சம் திக்கும், பொறுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் பெயரின் முதல் எழுத்தை முட்டித் தள்ளாமல் மெல்ல இழுத்துத் தொடங்குங்கள்.