பிரம்பு இல்லாமல் ஒன்பதாம் வகுப்பை எப்படி அடக்குவது?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்து இது இரண்டாவது வருடம். ஒன்பதாம் வகுப்பில் 46 பேர். கடைசி பெஞ்சில் நாலு பையன்கள். நான் போர்டு பக்கம் திரும்பினால் போதும், ஊளைச் சத்தமும் சிரிப்பும்தான். அதில் ஒருவன் தலைவன் மாதிரி. வெளியே நிற்க வைத்தேன், முட்டி போட வைத்தேன், வகுப்புக்கே இம்போசிஷன் கொடுத்தேன். ஒன்றும் எடுபடவில்லை. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்கிறார் பக்கத்து வகுப்பு சீனியர் சார். "கை வைத்தால் வேலைக்கே ஆபத்து" என்கிறார் ஹெச்.எம். அப்புறம் எப்படித்தான் பாடம் நடத்துவது?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்: அன்புள்ள டீச்சர்,

சட்டத்தை முதலில் பேசி முடித்துவிடுவோம். தமிழ்நாடு கல்வி விதிகளில் 2003-லேயே உடல் தண்டனைக்குத் தடை வந்துவிட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, அடிப்பதோடு மனதை நோகடிப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதலில் முட்டி போட வைப்பதும் பெஞ்ச் மேல் ஏற்றுவதும்கூட உடல் தண்டனைதான். ஆகவே நீங்கள் ஏற்கனவே கோட்டைத் தாண்டியாகிவிட்டது. இன்றோடு அதை விட்டுவிடுங்கள். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க" என்று அப்பாவே வந்து சொன்னாலும் அது உங்களுக்கு அனுமதி ஆகாது.

ஹெச்.எம். சொன்ன காரணம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலை போய்விடுமே என்று மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆசிரியரைப் பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்போது அந்தத் தலைவனுக்கு வருவோம். அவனுடைய கணக்கு நோட்டை எப்போதாவது வாங்கிப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நாளைக்கு ஒன்று செய்யுங்கள். தனியாகக் கூப்பிட்டு, 1/2 + 1/3 எவ்வளவு என்று கேளுங்கள். மேலும் கீழும் கூட்டி 2/5 என்று எழுதினால் விஷயம் புரிந்துவிடும். ஹெச்.எம்.மாக இருந்தபோது என் அறை வாசலுக்கு அனுப்பப்பட்ட பையன்களில் பலர் இப்படித்தான் எழுதினார்கள். பின்னமே தெரியாதவனுக்கு முன்னால் நீங்கள் பல்லுறுப்புக்கோவையைக் காரணிப்படுத்துகிறீர்கள். முக்கால் மணி நேரம் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். முட்டாள் என்று பெயர் வாங்குவதைவிட ரவுடி என்று பெயர் வாங்குவது அவனுக்கு கௌரவம். அவனைப் போய் வெளியே நிற்க வைக்கிறீர்கள். அவன் கேட்டதே அதுதானே!

அதனால் வெளியே அனுப்புவதை நிறுத்துங்கள். மணி அடித்து நீங்கள் உள்ளே நுழையும்போது போர்டில் ஒரு கணக்கு தயாராக இருக்கட்டும். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புக் கணக்காகப் பார்த்துப் போடுங்கள், எல்லோரும் பேனாவை எடுக்கிற மாதிரி. அவர்கள் போடும் நேரத்தில் அட்டெண்டன்ஸ் எடுங்கள், பிறகு கடைசி பெஞ்சிலிருந்து நோட்டுப் பார்த்துக்கொண்டே வாருங்கள். தினமும் இதே வரிசை, ஒருநாளும் மாறக் கூடாது. ஒன்பதாம் வகுப்புப் பையன் சத்தம் போடுவது பெரும்பாலும் மணி அடித்த முதல் ஐந்து நிமிடத்தில்தான். அந்த ஐந்து நிமிடம் உங்கள் கையில் இருந்தால் மீதி நேரம் பெரிதாகத் தொல்லை தராது.

ஊளைச் சத்தம் வந்தால் "யார்றா அது?" என்று கேட்காதீர்கள். எவனும் சொல்லப் போவதில்லை. கேட்டுவிட்டுப் பதில் கிடைக்காமல் நிற்பது உங்களுக்குத்தான் அவமானம். பாடத்தை நிறுத்தாமல் நடந்துபோய் அந்த பெஞ்ச் பக்கத்தில் நின்று மீதியை நடத்துங்கள். திருத்த வேண்டியதை அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்: "மூணாவது வரியைப் போடு, வந்து பாக்கறேன்." நாலு பேர் பார்க்க வாக்குவாதம் வைத்துக்கொண்டால் அவன் தோற்கவே மாட்டான், தோற்கவும் முடியாது. பேச வேண்டியது இருந்தால் மணி அடித்தபிறகு இரண்டு நிமிடம், தனியாக.

லீடரை விட்டு 'பேசுபவர்கள்' என்று போர்டில் பெயர் எழுத வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் தூக்கிவிடுங்கள். மிட்டாய் கொடுத்தவன் பெயர் அழிந்துவிடும், சண்டை போட்டவன் பெயர் தினமும் இருக்கும். மொத்த வகுப்புக்கும் இம்போசிஷன் கொடுப்பதும் அப்படியே: உங்கள் பக்கம் இருந்த பிள்ளைகளையும் அந்த நாலு பேர் பக்கம் தள்ளிவிடுகிறீர்கள். அதற்குப் பதில் தண்டனை சின்னதாக, ஆனால் தப்பாமல் இருக்கட்டும். வகுப்பில் போடாத கணக்கைச் சாப்பாட்டு நேரத்தின் கடைசி பத்து நிமிடத்தில், அவன் சாப்பிட்டு முடித்தபிறகு, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து போட வேண்டும். திட்டும் கிடையாது, அறிவுரையும் கிடையாது. பின்னம் சொல்லித்தர உங்களுக்கு அந்தப் பத்து நிமிடமும் கிடைக்கும்.

பெற்றோரைக் கூப்பிடுவது பற்றி ஒரு வார்த்தை. தினக்கூலிக்குப் போகும் அப்பா ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து, ஸ்டாஃப் ரூம் வாசலிலேயே பையனை அறைவார். மறுநாள் அவனுக்கு நீங்கள் எதிரி. முதல் போன் நல்ல செய்திக்காகப் போகட்டும். "இன்னிக்கு மூணு கணக்கும் சரியாப் போட்டான்" என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அந்த வீட்டுக்குப் பள்ளியிலிருந்து இப்படி ஒரு போன் இதுவரை போயிருக்காது.

இதெல்லாம் ஊளைச் சத்தத்துக்கும் சேட்டைக்கும்தான். பையில் கத்தி, புகையிலைப் பொட்டலம், பெண் பிள்ளைகளிடம் சீண்டல், சாதிப் பெயர் சொல்லி அடிதடி என்று வந்தால் தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அன்றே ஹெச்.எம்.மிடம் எழுத்தில் கொடுங்கள். பிள்ளை ஆபத்தில் இருக்கிறான் என்று தெரிந்தால் 1098-க்குப் பேசுங்கள். ஆலோசனை வேண்டுமானால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது.

ஒரு மாதத்தில் அந்த நாலு பேரும் சாது ஆகிவிட மாட்டார்கள். இரண்டு பேர் மாறலாம். தலைவன் கடைசியில்தான் வருவான், நடுவில் ஒருநாள் பழையபடி ஆட்டமும் போடுவான். அன்றைக்கும் போர்டில் அதே மாதிரி கணக்கு இருக்க வேண்டும்.

இன்னொன்று, போர்ஷன் முடியவில்லை என்று அவர்களுடைய பி.டி. பீரியடைக் கடன் வாங்குகிறீர்களா? வாங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.